கத்தியின் முதுகில் ஒரு தேதி

நாணயம் சேகரிப்பவர்களையும் தபால்தலை சேகரிப்பவர்களையும் நாம் அறிவோம். பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைபவர்களும் நமக்குப் பழக்கமானவர்களே. துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியைச் சேகரிப்பவர்கள் என்றால் மட்டும் சற்றே முகம் சுளிக்கிறோம். நம் பழைய நாளிதழ்களில் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று எழுதப்பட்ட பொருள் அது. பெயரிலேயே வெறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ‘பயனெட்’ என்றே சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரையிலும் அப்படியே வழங்குவோம்.

ஆயினும் பயனெட் சேகரிப்பவர்கள் உலகெங்கும் ஏராளம். அவர்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு பயனெட்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றின் அழகு ஒரு காரணம். இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதால் இன்றும் ஐரோப்பியப் பழம்பொருள் சந்தைகளில் அதிக விலையின்றிக் கிடைப்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணமே என்னை ஈர்த்தது: அவற்றில் எழுத்து இருக்கிறது. 1866ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த பயனெட் ஒன்றை எடுத்து, அலகின் தடித்த முதுகை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்த்தால், சாய்ந்த கையெழுத்தில் பொறித்த ஒரு வரி தெரியும். எந்த ஆயுதச்சாலையில், எந்த மாதம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று அது கூறும். கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரும் ஆட்சியாண்டும் கிடைத்துவிட்டால் மற்றதைத் தேடிக்கொள்ளலாம்.

அந்த வரியைப் பற்றிக்கொண்டு தேடப் போனால், பயனெட்டைப் பற்றி நாம் நம்பிவரும் பலவும் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. குறிப்பாக, இந்த ஆயுதம் யாரைக் கொன்றது என்ற கேள்விக்கு நாம் எதிர்பாராத விடை கிடைக்கிறது.

குழலை அடைத்த கத்தி

பிரான்சின் தென்மேற்கில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே இருக்கும் ஊர் பாயோன். பயனெட் என்ற பெயர் அவ்வூரிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. தொடக்கத்தில் அச்சொல் ஒருவகைக் குறுங்கத்தியையே குறித்தது. அதைத் துப்பாக்கியோடு சேர்த்த கதைக்குப் பழைய சான்றுகளில் ஒன்று புய்செகூர் என்ற பிரெஞ்சு அதிகாரியின் நினைவுக்குறிப்பு. 1647இல் ஈப்ரே நகரத்துப் பக்கம் தம் வீரர்கள் ஓரடி அலகும் ஓரடிப் பிடியும் கொண்ட பயனெட்டுகளை வைத்திருந்ததாகவும், மரப்பிடியைத் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே செருகிக்கொண்டதாகவும் அவர் குறித்துள்ளார்.

இதன் குறை சொல்லாமலே விளங்கும். தக்கையை அடைத்த புட்டியைப் போல, கத்தி செருகிய துப்பாக்கியால் சுட முடியாது. சுட வேண்டுமானால் கத்தியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் கையில் ஆயுதமில்லை. 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிக்ராங்கி கணவாயில் அரசுப் படையினர் ஒருமுறை சுட்டுவிட்டுக் கத்தியைச் செருகுவதற்குள், மலையிலிருந்து வாளோடு பாய்ந்து வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்துவிட்டனர். தோல்விக்கான காரணங்களில் இந்தத் தாமதமும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

இதற்கு மாற்று கண்டவர்களில் முதன்மையானவர் வோபான். பதினான்காம் லூயியின் கோட்டைகளைக் கட்டிய பொறியாளர் அவர். குழலுக்குள் நுழையாமல், வளையம்போல் குழலைச் சுற்றிப் பொருந்தி, அலகு சற்றே பக்கவாட்டில் விலகி நிற்கும் பயனெட்டைப் பற்றி 1687இல் போர் அமைச்சர் லூவுவாவுக்கு எழுதினார். கத்தி பொருத்திய நிலையிலேயே மருந்து கெட்டிக்கலாம், சுடலாம். இந்தச் சிறு மாற்றத்தின் விளைவு பெரிது. அதுவரை குதிரைப்படையிடமிருந்து துப்பாக்கிக்காரர்களைக் காக்க நீண்ட ஈட்டி ஏந்திய தனி அணி தேவைப்பட்டது. இப்போது ஒவ்வொரு துப்பாக்கிக்காரனும் தானே ஈட்டிக்காரன் ஆனான். 1703இல் பிரெஞ்சுக் காலாட்படை ஈட்டிகளைக் கைவிட்டது.

1717இல் பிரான்ஸ் தன் படைக்கு ஒரேவகைத் துப்பாக்கியை வகுத்தது. பல திருத்தங்களுக்குப் பின் வந்த 1777ஆம் ஆண்டு மாதிரி, நெப்போலியனின் போர்கள் முழுவதிலும் புழங்கியது. அதன் பயனெட் முக்கோண வெட்டுமுகம் கொண்டது. சுமார் 40 சென்டிமீட்டர் நீள அலகு. கழன்று விழாமலிருக்கப் பூட்டுவளையம். சேகரிப்பாளர்கள் பலரும் தொடங்குவது இதிலிருந்துதான்.

காயங்களை எண்ணியவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் போர் ஓவியங்களைப் பார்ப்பவருக்கு, போர் என்றாலே இரு வரிசைகள் பயனெட்டை நீட்டிக்கொண்டு மோதுவதுதான் என்று தோன்றும். அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1781 அக்டோபர் 14ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் யார்க்டவுனில் ஆங்கிலேயரின் இரு காவல் அரண்களைப் பிரெஞ்சுப் படையும் அமெரிக்கப் படையும் ஆளுக்கொன்றாகத் தாக்கிப் பிடித்தன. அமெரிக்கர்கள் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்காமல் பயனெட்டை மட்டும் நம்பியே போனார்கள். இரவு, குறுகிய இடம், எதிர்பாராத தாக்குதல் ஆகிய மூன்றும் கூடும்போது பயனெட் தன் வேலையைச் செய்தது.

பகல் வெளிச்சத்தில் நிலைமை வேறு. அதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, தம் லொரேன் படைப்பிரிவை அடர்ந்த பத்தியாக நிறுத்தி, பயனெட்டோடு அயர் கூட்டின் வரிசைமீது ஏவினார். மிக அருகில் வந்தபோது ஆங்கிலேயர் சுட்டனர். பத்தி அதையும் மீறி வரிசைக்குள் நுழைந்தது, கைகலப்பும் நடந்தது. ஆனால் பக்கவாட்டிலிருந்து நெருக்கப்பட்டதும் குலைந்து பின்வாங்கியது. அன்றைய தோல்வியே தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முடிவுக்குத் தொடக்கமாயிற்று.

நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, இந்த விஷயத்தை எண்ணிக்கையால் அணுகினார். ஒரு நெருங்கிய கைகலப்புக்குப் பின் காயங்களை ஆராய்ந்தபோது, துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் 119, பயனெட் காயங்கள் 5 என்று கண்டார். மற்றப் போர்களைப் பற்றிய கணக்குகளும் இதிலிருந்து அதிகம் விலகுவதில்லை.

பிறகு ஏன் எல்லாப் படைகளும் அதைச் சுமந்தன? இதற்கு விடை தேடியவர் ஆர்தான் து பிக் என்ற பிரெஞ்சுக் கர்னல். 1860களின் இறுதியில் தம் சக அதிகாரிகளுக்குக் கேள்விப்பட்டியல் ஒன்றை அனுப்பி, உங்கள் வீரர்கள் உண்மையில் எப்படிப் போரிட்டார்கள் என்று கேட்டார். பயனெட் தாக்குதலில் இரு தரப்பும் மோதிக்கொள்வது மிக அரிது என்பது அவர் அடைந்த முடிவு. கூர்முனைகள் சந்திப்பதற்கு முன்பே ஏதோ ஒரு தரப்பின் மனம் உடைகிறது; அது திரும்பி ஓடுகிறது. ஆகவே பயனெட்டின் வேலை உடலில் நடப்பதல்ல. எதிரியின் அச்சத்தில் நடப்பது. இதை எழுதிய து பிக், 1870 ஆகஸ்டில் மெட்ஸ் நகரருகே பீரங்கிக் குண்டால் காயமுற்று, சில நாட்களில் இறந்தார்.

பேரரசு மறைந்த வரி

இனி எழுத்து பொறித்த பயனெட்டுகளுக்கு வருவோம். 1840களில் பிரெஞ்சுப் படை, முக்கோண ஊசியை விட்டுவிட்டு வாள் வடிவ பயனெட்டுகளைச் சில பிரிவுகளுக்குத் தரத் தொடங்கியது. துருக்கிய யாத்தகன் வாளைப் போல, மெல்ல வளைந்து மீண்டும் எதிர்ப்பக்கம் நெளியும் அலகு, பித்தளைப் பிடி. முன்புறமாக மருந்து கெட்டிக்கும் வீரனின் கை அலகில் படாதிருக்கவே இந்த நெளிவு என்று விளக்கம் கூறுவர். 1866இல் வந்த ஷாஸ்போ துப்பாக்கியோ பின்புறமாகக் குண்டு செருகும் வகை. நெளிவுக்கு இனித் தேவையில்லை. ஆயினும் அதன் பயனெட்டிலும் நெளிவு தொடர்ந்தது. அழகுக்காக வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. சுமார் 57 சென்டிமீட்டர் அலகு, வரிவரியாகப் பள்ளமிட்ட பித்தளைப் பிடி, கொக்கிபோல் வளைந்த குறுக்குக் கை, எஃகு உறை என்று அது பார்ப்பதற்கு அழகானது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எனப் பல நாடுகளின் ஆயுதங்களிலும் இந்த யாத்தகன் நெளிவு பரவியது.

அதன் முதுகில்தான் அந்த வரி. சேந்த் எத்தியேன், ஷாத்தெல்ரோ, ட்யூல், முட்சிக் என்ற நான்கு அரசு ஆயுதச்சாலைகளின் பெயர்கள் அதில் வருகின்றன. 1870 வரையிலான வரிகளில் ஆயுதச்சாலை என்ற சொல்லை அடுத்துப் ‘பேரரசின்’ என்ற அடைமொழி சுருக்கி எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் நெப்போலியனின் பேரரசு அது.

1870 ஜூலையில் பிரஷ்யாவோடு போர் மூண்டது. செப்டம்பர் 2ஆம் நாள் செடான் நகரில் பேரரசரே சரணடைந்து சிறைப்பட்டார். 4ஆம் நாள் பாரீசில் குடியரசு அறிவிக்கப்பட்டது. பேரரசு போனதும் பயனெட்டின் முதுகிலிருந்தும் அந்த அடைமொழி போயிற்று. அதன்பின் செய்த ஷாஸ்போ பயனெட்டுகளில் வெறுமனே ‘ஆயுதச்சாலை’ என்றே காண்கிறோம். ஒரு சொல் நீங்கியதைக் கொண்டு ஓர் ஆட்சி வீழ்ந்ததை அறிகிறோம்.

ஊர்ப்பெயர்களிலும் ஒன்று மறைகிறது. முட்சிக், அல்சாஸ் பகுதியில் உள்ளது. 1871 மே மாத ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையின்படி அல்சாஸ் ஜெர்மனிக்குப் போயிற்று. முட்சிக் என்று பொறித்த பிரெஞ்சு பயனெட் அதற்குப்பின் இல்லை. எல்லையோர ஆயுதச்சாலையின் ஆபத்தைப் பிரான்ஸ் முன்பே உணர்ந்துதான் இருந்தது. அல்சாஸின் க்ளிங்கந்தாலில் 1730 முதல் இயங்கிவந்த வாள் தொழிலை, நாட்டின் உட்பகுதியில் 1819இல் நிறுவிய ஷாத்தெல்ரோவுக்குப் படிப்படியாக மாற்றியதும் அதனால்தான்.

அந்தப் போரில் இந்த அழகிய கத்தி செய்தது மிகக் குறைவு. ஷாஸ்போ 1,200 மீட்டர் வரை குறிவைக்கத்தக்க துப்பாக்கி. பிரஷ்யரின் துப்பாக்கிக்கு அதில் பாதி தூரமே எட்டும். 1870 ஆகஸ்ட் 18 அன்று சேன் பிரிவா ஊரை நோக்கித் திறந்த வெளியில் ஏறிவந்த பிரஷ்யக் காவற்படை, அந்த ஒரு மாலையில் இறந்தும் காயமுற்றும் இழந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களை வீழ்த்தியது பயனெட் அல்ல. போரின் முடிவில் சரணடைந்த பிரெஞ்சுப் படைகளிடமிருந்து இலட்சக்கணக்கான ஷாஸ்போக்கள் பிரஷ்யர் கைக்குப் போயின. முதுகில் பிரெஞ்சு ஊர்ப்பெயரும் குறுக்குக் கையில் ஜெர்மானியப் படைப்பிரிவு முத்திரையும் கொண்ட பயனெட்டுகள் அப்படி வந்தவையே. இரு மொழிக் கல்வெட்டைப் போன்ற அவற்றைச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள்.

எண்ணும் உறையும்

1874இல் ஷாஸ்போவின் இடத்துக்குக் கிரா துப்பாக்கி வந்தது. அதன் பயனெட்டில் நெளிவு இல்லை. நேரான, ஒடுங்கிய, T வடிவ வெட்டுமுகம் கொண்ட சுமார் 52 சென்டிமீட்டர் அலகு, பித்தளைக் குமிழ், இருபுறமும் மரப்பத்தை. வெட்ட உதவாது; குத்த மட்டுமே. முதுகெழுத்து மட்டும் தொடர்ந்தது. பிரெஞ்சு ஆயுதச்சாலைகளின் பெயரோடு, ஆஸ்திரியாவின் ஷ்டையர் தொழிற்சாலை பெயரும் சிலவற்றில் காணப்படுகிறது.

சேகரிப்பாளரின் உழைப்பு இங்கேதான் தொடங்குகிறது. குறுக்குக் கையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அதே எண் உறையிலும் இருக்க வேண்டும். துப்பாக்கியிலும் அதே எண்தான். ஒவ்வொரு பயனெட்டும் அதன் துப்பாக்கிக்கென்றே பொருத்திப் பார்க்கப்பட்டு, ஒரே வீரனிடம் தரப்பட்டது. இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றில் உறைக்கு ஓர் எண், கத்திக்கு இன்னோர் எண். படைக்கிடங்குகளிலும், பழம்பொருள் வணிகரின் குவியல்களிலும் அவை மாறிவிட்டன. இரு எண்களும் ஒத்திருந்தால் விலை உயர்கிறது. விலையை விடுத்துப் பார்த்தாலும், ஒத்த எண்கள் ஒரு செய்தியைச் சொல்கின்றன: நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்விரண்டும் பிரியவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. பலரும் அதைத் தாமதமாகவே கற்கிறார்கள். பித்தளையைக் கண்டால் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் துலக்கிவிட நம் கை துடிக்கும். அலகில் துருவைக் கண்டால் உப்புத்தாளைத் தேடுவோம். அப்படித் துலக்கப்பட்ட பயனெட் பளபளக்கும். ஆனால் மெல்லிய கோடுகளாகப் பொறித்த முதுகெழுத்து முதலில் போய்விடும். ஆய்வாளர்களின் நுண்ணிய வட்ட முத்திரைகள் அடுத்துப் போகும். எஞ்சுவது சுவரில் மாட்டத்தக்க ஓர் அலங்காரப் பொருள். துரு பரவாமலிருக்கச் சிறிது எண்ணெய், மென்மையான துணி, பொறுமை ஆகியவை போதும். ஓலைச்சுவடிக்கு உரிய கவனம் இதற்கும் உரியது.

வணிகர்கள் சொல்லும் கதைகளையும் துடைத்தெறிய வேண்டும். முக்கோண அலகின் காயத்தைத் தைக்க முடியாது என்பதால் ஜெனீவா உடன்படிக்கை அதைத் தடைசெய்தது என்பார்கள். அத்தகைய தடை எந்த உடன்படிக்கையிலும் இல்லை. குறைந்த எஃகில் வளையாத அலகைச் செய்யவே அந்த வடிவம். பக்கவாட்டுப் பள்ளம் இரத்தம் வழிவதற்கு என்பார்கள். எடையைக் குறைக்கவே பள்ளம். கறையைக் காட்டி இரத்தம் என்பவரும் உண்டு; பெரும்பாலும் அது பழைய எண்ணெய்ப் பிசுக்கு. விற்கும் பொருள் யாரையாவது கொன்றிருக்க வேண்டும் என்ற ஆசை வாங்குபவனிடமும் இருப்பதால்தான் இக்கதைகள் பிழைக்கின்றன. லாரேயின் கணக்கை நினைவில் வைத்திருப்பவர், தம் கையிலிருக்கும் பயனெட் எந்த உடலையும் தொட்டிராத வாய்ப்பே அதிகம் என்று அறிவார்.

ரொசாலி

இத்தோடு முடித்துக்கொண்டால் சேகரிப்பாளர் நிம்மதியாக உறங்கலாம். ஆனால் 1886ஆம் ஆண்டு மாதிரி லெபெல் துப்பாக்கியின் பயனெட் அதற்கு இடம் தருவதில்லை.

லெபெல், புகையில்லா வெடிமருந்தைப் பயன்படுத்திய முதல் படைத்துப்பாக்கி. அறிவியலின் புதிய உச்சத்தில் நின்ற அந்தத் துப்பாக்கியின் நுனியில், கூட்டல் குறிபோன்ற வெட்டுமுகம் கொண்ட 52 சென்டிமீட்டர் ஊசி ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு வெட்டும் விளிம்பு கிடையாது. தடித்த முதுகும் கிடையாது. ஆகவே ஊரும் மாதமும் ஆண்டும் பொறிக்க இடமும் இல்லை. ஓர் எண், சில முத்திரைகள், அவ்வளவே. முந்தைய மாதிரிகளோடு பழகிய கை, இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏமாறும்.

1914இல் தெயோதோர் போத்ரெல் என்ற பாடகர் இதைப் பெண்ணாக்கி, ரொசாலி என்று பெயரிட்டுப் பாடினார். பத்திரிகைகள் அப்பெயரைப் பரப்பின. அகழியில் இருந்தவர்கள் முட்கரண்டி, பல்குச்சி என்று கேலியாகவே அதைச் சொல்லிக்கொண்டனர்.

போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைத்தலைமையில் ஒரு சிந்தனைப்போக்கு வலுப்பெற்றிருந்தது. 1911இல் கிராந்மேசோன் என்ற கர்னல் ஆற்றிய உரைகள் அதற்குக் குரலாயின. எந்த நிலையிலும் தாக்குதல், தயங்காத தாக்குதல். முன்பு நாம் கண்ட ஆர்தான் து பிக்கின் நூலையே இவர்கள் மேற்கோளாகக் காட்டினர் என்பதுதான் வியப்பு. மனஉறுதியே போரை வெல்கிறது என்ற பகுதியை எடுத்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து வரும் குண்டு முன்னேறுபவனைக் கொல்கிறது என்று அதே நூல் தந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். பயனெட்டே காலாட்படை வீரனின் தலைமை ஆயுதம் என்று படைவிதிகள் கற்பித்தன.

1914 ஆகஸ்ட் 22. பெல்ஜிய எல்லையை ஒட்டிய காடுகளிலும் லொரேனிலும் பிரெஞ்சுப் படைகள், நீலச் சட்டையும் சிவப்புக் காற்சட்டையுமாக, பல இடங்களில் பயனெட் பொருத்தி முன்னேறின. எதிரே இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருந்தன. ரொசினியோல் கிராமத்தருகே ஒரு குடியேற்றநாட்டுப் படைப்பிரிவு ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. அந்த ஒரே நாளில் இறந்த பிரெஞ்சு வீரர்கள் சுமார் 27,000 பேர் என்பது வரலாற்றாளர்கள் பொதுவாகத் தரும் கணக்கு. பிரான்சின் நெடிய போர் வரலாற்றில் அதைவிடக் கொடிய நாள் இல்லை. இரண்டு நாட்கள் கழித்துத் தளபதி ஜோஃப்ர், பீரங்கிகளின் துணையில்லாமல் காலாட்படையைத் தூரத்திலிருந்து ஏவக் கூடாது என்று குறிப்பாணை அனுப்பினார். கிராந்மேசோனும் 1915இல் சுவாசோன் நகரருகே போர்முனையில் இறந்தார்.

அந்த 27,000 பேரில் எதிரியின் பயனெட்டால் இறந்தவர்கள் மிகச் சிலராகவே இருக்க முடியும். ஆனால் தங்கள் கையிலிருந்த பயனெட்டின்மேல் பிறர் வைத்த நம்பிக்கையால் இறந்தவர்கள் எத்தனை பேர்? கூர்முனை எதிரியைத் தொட வேண்டுமானால் அதை ஏந்தியவன் திறந்த வெளியைக் கடந்தாக வேண்டும். அந்த வெளியில்தான் அவர்கள் விழுந்தார்கள். இந்த ஆயுதம் அதிகமாகக் கொன்றது தன்னைப் பிடித்திருந்தவர்களைத்தான் என்று நான் எண்ணத் தொடங்கியது இந்த நாளைப் பற்றிப் படித்தபோதுதான்.

அதன்பின் ரொசாலி தேய்ந்த கதை, அவளுடைய உடலிலேயே பதிவாகியிருக்கிறது. 1915க்குப் பின் கொக்கிபோன்ற குறுக்குக் கை நீக்கப்பட்டது. நிக்கல் கலந்த வெண்ணிற உலோகப் பிடிக்குப் பதிலாகப் பித்தளைப் பிடி வந்தது. நிக்கல் வேறு தேவைகளுக்கு வேண்டியிருந்தது. அகழிக்குள் அந்த நீளம் தொல்லை என்பதால் பழைய பயனெட்டுகளை வெட்டிக் குத்துக்கத்திகள் ஆக்கினர். 1935இல் எஞ்சியவற்றில் பலவற்றைச் சுமார் 35 சென்டிமீட்டராகக் குறைத்தனர். அடுத்து வந்த 1936ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியிலோ, பயனெட் குழலுக்கடியில் தலைகீழாகச் செருகி மறைத்து வைக்கும் ஒரு முள்ளாகச் சுருங்கிவிட்டது. கொக்கியுள்ளது, கொக்கியில்லாதது, பித்தளைப் பிடி, குறுக்கியது என்று வரிசையாக அடுக்கிவைக்கும் சேகரிப்பாளர், ஒரு நம்பிக்கை தேய்வதையே அடுக்கிவைக்கிறார்.

மண்ணில் நின்ற முனைகள்

வெர்டன் போர்க்களத்தில், துவோமோன் அருகே ‘பயனெட்டுகளின் அகழி’ என்றொரு நினைவிடம் உள்ளது. 1916 ஜூனில் அங்கே நின்ற 137ஆம் காலாட்படைப் பிரிவினர் பீரங்கித் தாக்குதலில் மடிந்தனர். போர் முடிந்தபின், மூடுண்ட அகழி ஒன்றின்மேல் துப்பாக்கி முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டனர். தாக்குதலுக்குத் தயாராகப் பயனெட் பொருத்தி நின்ற வீரர்கள், மண் சரிந்து நின்றபடியே புதையுண்டனர் என்ற கதை பிறந்தது. ஜார்ஜ் ராண்ட் என்ற அமெரிக்கர் தந்த பணத்தில் கான்கிரீட் மண்டபம் எழும்பியது. 1920 டிசம்பரில் குடியரசுத் தலைவர் மில்லரான் அதைத் திறந்துவைத்தார்.

ஜான் நோர்ட்டன் க்ரூ என்பவர் தாமே வெர்டனில் போரிட்டவர். போர்வீரர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான நூல்களை ஒப்பிட்டு, எது உண்மைச் சாட்சியம், எது அலங்காரம் என்று பிரித்து 1929இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இந்த அகழிக் கதையை அவர் ஏற்கவில்லை. குண்டுகள் அகழியைச் சிதைக்குமேயன்றி, நிற்பவர்களை நிறுத்தியபடியே சீராக மூடாது. இறந்தவர்களை அவர்கள் கிடந்த அகழியிலேயே புதைத்து, அடையாளத்துக்குத் துப்பாக்கிகளை நட்டுவைப்பது போர்க்களத்து வழக்கம். அவ்வாறே நடந்திருக்கும் என்பதே வரலாற்றாளர்களின் பொதுவான கருத்து. உண்மை கதையைவிட எளியது. யாரோ சிலர், எதிரிகளாகவும் இருக்கலாம், இறந்தவர்களைப் புதைத்து அடையாளம் வைத்தார்கள். அந்த எளிய மரியாதை போதவில்லை. செத்த பின்னும் அவர்கள் பயனெட்டோடு நிற்க வேண்டியிருந்தது.

அந்த முனைகளில் பலவும் இன்று அங்கில்லை. நினைவுப்பொருள் வேட்டைக்காரர்கள் காலப்போக்கில் திருடிச் சென்றுவிட்டனர். சேகரிப்பு என்ற சொல்லின் இருண்ட பக்கம் இது. கல்லறை அடையாளத்திலிருந்து பிடுங்கிய துருவேறிய பயனெட் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இருக்கலாம். இருந்த இடத்திலிருந்து பெயர்த்ததும் அது பேச்சை இழந்துவிட்டது. சிலையைத் திருடிய கோயிலில் வெற்றுப் பீடம் எஞ்சுவதை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் போரின் ஒரு கிளை நம் கடற்கரை வரை நீள்கிறது. பாண்டிச்சேரியின் கடற்கரைச் சாலையில், பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று முதல் உலகப்போரில் மடிந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று அதற்கு விளக்கேற்றுகிறார்கள். காற்றாட நடப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே நினைக்கப்படுகிறவர்களும் பிரெஞ்சுப் படையின் ஆயுதங்களையே ஏந்தியவர்கள்.

கொலைக்கருவியைச் சேகரிப்பது சரியா என்று என்னைக் கேட்டால், எப்படிச் சேகரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பேன். வீரத்தின் சின்னமாகத் துலக்கிச் சுவரில் மாட்டினால், 1914இன் பழைய பொய்யை மீண்டும் மாட்டிவைக்கிறோம். எண்ணையும் எழுத்தையும் துருவையும் அழிக்காமல், வந்த வழியைக் குறித்துவைத்துக் காத்தால், அது ஓர் ஆவணம். என்றாவது ஒரு பழம்பொருள் கடையில் இத்தகைய பயனெட் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், கூர்முனையை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆவலைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். கத்தியைத் திருப்பி, முதுகை வெளிச்சத்தில் சாய்த்து, அந்த ஊரையும் மாதத்தையும் முதலில் படித்துப் பாருங்கள்.